உள்ளறையில் தூவிய சாம்பல்

ஜனவரி 16, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த நோட்டை நான் ஒருவன்தான் படிக்கப்போகிறேன். அப்படியானால் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். மாகோஜி, பொறுத்துக்கொள். ஆயுசு முழுக்க வண்டிக்குதிரையின் கடிவாளம் பிடித்த கை இது. பேனா மீன் முள்ளைப் போல விரலுக்குள் நழுவுகிறது. அழுத்திப் பிடித்தால் தாள் கிழிகிறது.

ஆனாலும் எழுதிவிட்டேனே! மேலே இருப்பதெல்லாம் என் கை எழுதியது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயதில் ஒரு ஆளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர்ப் பொதுமண்டபத்தில் சகுமா டீச்சர் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். "தினமும் ஒரு வரியாவது எழுதுங்க மாகோஜி ஐயா. யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றாள். இதோ, யாருக்கும் காட்டவில்லை.

நான் படிக்கப் போனதற்குக் காரணம் பக்கத்துப் பெரிய வீட்டுக் கிவா அக்கா. அவர்கள் வீட்டுக்குத்தான் நான் மரம் ஏற்றும் குதிரைவண்டி ஓட்டினேன். வீட்டுக்காரர் போன பிறகு அவளும் தனி, என் மனைவி போன பிறகு நானும் தனி. எங்கள் இருவருக்கும் பொதுவான கிறுக்கு ஒன்று உண்டு. யோகாய்கள், அதாவது பேயும் பூதமுமாய் உலவுகிற விசித்திரப் பிறவிகள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பயறு கழுவுகிறவன், ராத்திரி வழியில் சுவராக எழுந்து நிற்கிறது, தூங்குகிறவர் தலையணையைத் திருப்பிப் போடுகிறது, ஒற்றைக்காலில் குதிக்கும் பழைய குடை. அவளிடம் படம் போட்ட பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அவள் படிப்பாள், நான் மலையில் கேட்டதைச் சொல்வேன். போன வருஷம் அவள் கண் மங்கிப்போனது. படிப்பு நின்றது. அதனால் நான் எழுத்துப் படித்தேன்.

நேற்று முதன்முதலாக ஒரு பக்கம் முழுசாகப் படித்துக் காட்டினேன். குளியல் தொட்டி அழுக்கை நக்க வருகிற ஒன்றைப் பற்றி.

"அது உன் வீட்டுக்கு வந்தா விருந்துடா மாகோ" என்றாள் அக்கா.

"வந்துச்சுக்கா. ஒரு நக்கு நக்கிட்டு வாந்தி எடுத்துட்டுப் போயிருச்சு."

"பாத்தியா, கேட்டியா?"

இது அவள் எப்போதும் கேட்கிற கேள்வி. கேட்ட கதை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். பார்த்தேன் என்று மட்டும் பொய்யாகச் சொல்லக்கூடாது. எங்கள் இருவருக்குள் இருக்கும் ஒரே சட்டம்.

ஜனவரி 18, செவ்வாய்

பனி. வகுப்பு இல்லை. கூரைப்பனி தள்ளினேன், என்னுடையதும் அவளுடையதும்.

ஜனவரி 20, வியாழன்

செண்டாய் நகரத்திலிருந்து அக்காவின் மகள் ஃபுசாயே வந்து போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம். இந்த மாதக் கடைசியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கிறாள். தள்ளிப்போட்டால் இரண்டு கண்ணும் போய்விடுமாம். அதற்குப் பிறகு அக்கா செண்டாயிலேயே இருந்துவிடுவாள். வீட்டைப் பூட்டப்போகிறார்கள்.

"சரி" என்றாள் அக்கா. அவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

ஃபுசாயே போன பிறகு என்னிடம், "ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போயிடறேன் மாகோ. எங்க மாமியார் சொல்லிட்டுப் போன வேலை" என்றாள்.

அந்த வீட்டில் உள்ளறைக் குழந்தை உண்டு என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஸாஷிகி-வராஷி. சிவந்த கன்னம், நெற்றியில் வெட்டிவிட்ட முடி. அது இருக்கும்வரை வீடு செழிக்கும், வெளியேறினால் வீடு விழுந்துவிடும். வீட்டைப் பூட்டும் முன் உள்ளறையில் சாம்பல் தூவி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். தடம் இல்லையென்றால் நிம்மதியாகப் பூட்டலாம். இருந்தால், அதைத் தனியே பூட்டிவைத்துவிட்டுப் போகக்கூடாது.

"ஒண்ணும் இருக்காது" என்றாள். "இருந்தா இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது என் கண்ணுல பட்டிருக்காதா?"

ஜனவரி 22, சனி

இதை எழுதலாமா? யாருக்கும் காட்டப்போவதில்லை, எழுதுகிறேன்.

நேற்று நான்தான் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொடுத்தேன். நான்தான் உள்ளறைப் பலகையில் தூவினேன், அவளுக்குக் கண் தெரியாததால். இன்று மத்தியானம் அவள் பெண்கள் கூட்டத்தோடு வண்டியில் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போனாள். கணப்பில் கரி போடச் சாவி என்னிடம்.

உள்ளறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். சாம்பல் பனி போலச் சமமாக இருந்தது. எலி கூட ஓடவில்லை.

சின்ன வயதில் வண்டிக்காரப் பையன்கள் நாங்கள் புதுப்பனியில் ஒரு விளையாட்டு ஆடுவோம். கையை முட்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தைப் பதித்தால் குழந்தையின் உள்ளங்கால் மாதிரியே விழும். மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி. அவ்வளவுதான்.

வலது, இடது, வலது. மாடக்குழியிலிருந்து சன்னல்வரை. எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே முதுகில் சிலிர்த்தது. அவ்வளவு அழகாக வந்திருந்தது. அவளைச் சிரிக்க வைக்கத்தான் செய்தேன். வந்து பார்த்துத் திகைப்பாள், நான் முட்டியைக் காட்டுவேன், இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அவள் வந்தாள். டார்ச்சு விளக்கைச் சாம்பலுக்கு மேலே பிடித்து, மூக்கு தொடுகிற அளவு குனிந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு தடத்தின் ஓரத்தை மட்டும் விரலால் தொட்டாள், தூங்குகிற குழந்தையைத் தொடுவது போல.

"மாகோ. எனக்குக் கண்ணு மங்கல். நீ சொல்லு. இது நிஜமா?"

"ஆமாக்கா" என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

நான் தடத்தைத்தான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ச்சீ.

அவள் அழுதாள். நான் முட்டியை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 23, ஞாயிறு

சொல்லப் போனேன். வாசலிலேயே சிவப்புப் பயறுச் சோற்றின் வாசனை. உள்ளறையில் அந்தக் குழந்தைக்கென்று சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பந்து.

"ஃபுசாயேகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "நான் வரலன்னு. இத்தன காலம் இருந்த குழந்தைய இருட்டுல பூட்டிட்டுப் போவாங்களா யாராவது?"

சொல்லவில்லை. சோறு நன்றாக இருந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். முழுதும் தின்றேன்.

ஜனவரி 25, செவ்வாய்

வகுப்பில் டீச்சர், "இந்த வாரம் நடந்த நல்ல விஷயம் ஒண்ணு எழுதுங்க" என்றாள். எல்லாரும் எழுதினார்கள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 28, வெள்ளி

ஊரே வந்து போகிறது. டோஃபு கடை தோமே பொரித்த டோஃபு கொண்டுவந்தாள்.

"இது நரிக்குல்ல பிடிக்கும்?" என்றாள் அக்கா.

"நரிக்குப் பிடிச்சா குழந்தைக்குப் பிடிக்காதா? வைங்கக்கா. ஆமா, அந்தச் சாம்பல் கொஞ்சம் எனக்கும் குடுங்க. எங்க வீட்டுக்காரர் சாயங்காலம் எந்தப் பக்கம் போயிட்டு வர்றார்னு தூவிப் பாக்கணும்."

அக்கா சிரித்த சிரிப்பு! கன்னம் சிவந்துவிட்டது. அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று? ஒரு கணம் நினைத்தேன், நல்லதுதானே செய்திருக்கிறேன் என்று.

பிறகு அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினாள். தோமேயும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம், அவளுக்குத் தெரியவில்லை.

ஜனவரி 30, ஞாயிறு

தோமே வேலிக்கு மேலே கூப்பிட்டாள். கடைத் தொலைபேசியில் ஃபுசாயே.

"மாமா, அம்மா உங்க பேச்சக் கேப்பாங்க. எங்க பேச்சத்தான் கேக்க மாட்டாங்க. நாளைக்கு ஆபரேஷன் தேதி. போனா போகட்டும், டாக்டர் கால்ல விழுந்தாவது வேற தேதி வாங்கிடறேன். நீங்க மட்டும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. சொல்வீங்களா?"

"சொல்றேம்மா."

"நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் எனக்கு அங்க நிம்மதி."

இந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போனேன். சொல்லவில்லை. புத்தகம் எடுத்து வைத்திருந்தாள், படித்தேன். கூரை மச்சை நக்குகிற நீள நாக்குக்காரன் பக்கம்.

"படம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தப் படம் பக்கம் முழுக்க இருக்கிறது. கையளவு நாக்கு. போன மாதம்கூட அவளுக்கு அது தெரிந்தது.

பிப்ரவரி 2, புதன்

22-ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். அவளைச் சிரிக்க வைக்கத்தான் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். என் நோட்டிலேயே, என்னிடமே.

தடம் இருந்தால் அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். தெரிந்துதான் கையை மடக்கினேன். அவள் கண் சரியானால் தானே படித்துக்கொள்வாள். செண்டாயில் உட்கார்ந்து படித்துக்கொள்வாள். நான் இங்கே யாருக்குப் படிப்பது? பனிக்கா?

அவள் கண் மங்கியதில் எனக்கு ஒரு மூலையில் சந்தோஷம் இருந்திருக்கிறது. நானல்லவா இப்போது படிக்கிறேன் என்று. அட, பாவி மனுஷா. இதை எழுதத்தானா எழுத்துப் படித்தாய்?

பிப்ரவரி 3, வியாழன்

இன்று பயறு எறியும் நாள். வீடுதோறும் வறுத்த சோயாப் பயறை எறிந்து, பேயே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா என்று கத்துவார்கள். வருஷா வருஷம் அக்கா வீட்டில் நான்தான் எறிவேன், எனக்குத்தான் தொண்டை பெரிது.

படியளவு பயறோடு போனேன். அவள் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"இந்த வருஷம் வேண்டாம். வெளியே போன்னு கத்துனா குழந்தை தன்னத்தான் சொல்றாங்கன்னு நினைச்சுக்கும். பயந்து போயிரும். வயசுல சின்னதுதானே."

வாசல் படியில் இறங்கும்போது ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். தன் வீட்டுச் சுவரை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனேன். சாம்பல் இன்னும் அப்படியே இருந்தது, தடங்களுக்குப் பங்கம் வராமல் அவள் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். தடம் இல்லாத ஓரத்தில் முட்டியைப் பதித்தேன். ஐந்து புள்ளி வைத்தேன். அவள் விரலை எடுத்து முதலில் இதன்மேல் வைத்தேன், பிறகு அதன்மேல்.

இரண்டையும் மாறி மாறித் தொட்டாள். ஓரம் சரிந்து தடங்கள் அழிந்துகொண்டே வந்தன. நான் என்னவெல்லாமோ பேசினேன். ஃபுசாயே பேசினது, டாக்டர், தேதி, என் தனிமை, எல்லாவற்றையும் கலந்து.

பிறகு சொன்னாள். "கண்ணு போனாலும் போகட்டும்னு இருந்தேன் மாகோ. காலையில கண்ணு முழிச்சதும் ஒண்ணும் தெரியாது, சரி, அது உள்ள விளையாடிட்டு இருக்குன்னு நினைச்சுப்பேன். எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா உனக்கு?"

"அக்கா..."

"இத்தன வருஷமா இதுங்களப் பத்திப் பேசறோம். ஒருத்தர ஒருத்தர் ஏமாத்தவா பேசுனோம்? உனக்கு நான் இங்க இருக்கணும்னா, இருங்கக்கான்னு சொல்லியிருக்கலாம். வாயில்லையா உனக்கு?"

நான் அதை நினைக்கவே இல்லை. இருங்கக்கா என்று சொல்லலாம் என்று. அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

"போ" என்றாள். "பயற எறிஞ்சுட்டுப் போ."

எறிந்தேன். ஒவ்வொரு அறையிலும் எறிந்தேன். வெளியே போ, வெளியே போ என்று நானே கத்தினேன். என் குரல் அந்தப் பெரிய வீட்டில் எப்படிக் கேட்டது என்று எழுத எனக்குத் தெரிந்த எழுத்து போதாது.

பிப்ரவரி 4, வெள்ளி

அவள் வீட்டு வாசலில் பனி தள்ளினேன். கதவு திறக்கவில்லை.

பிப்ரவரி 7, திங்கள்

வகுப்புக்கு இனிப் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். எதற்கு?

பிப்ரவரி 12, சனி

ஃபுசாயே வண்டியில் வந்து அழைத்துப் போனாள். புதுத் தேதி மாதக் கடைசியில். நான் வேலியோரம் நின்றேன். ஃபுசாயே என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, "நீங்க பேசுனதாலதான் மாமா" என்றாள். அக்கா சொல்லவில்லை போலிருக்கிறது. என்னைக் காப்பாற்றவா, என் பெயரை வாயால் எடுக்கப் பிடிக்காமலா?

வீட்டுச் சாவியை அக்கா தோமேயிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கணவர் காலத்திலிருந்து அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது. முந்தாநாள் தோமே வந்து, "அக்கா கேட்டாங்க" என்று வாங்கிப் போனாள். பாவம், ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

புத்தகம் என்னிடமே இருக்கிறது. கடைசியாகப் படித்த அன்று கையோடு கொண்டுவந்தது. திருப்பிக் கொடுக்கப் போய் நின்றேன், வண்டி கிளம்பிவிட்டது. இல்லை, வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. என் கால்தான் நகரவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

மார்ச் 6, ஞாயிறு

தோமே கடைக்கு ஃபுசாயே பேசினாளாம். வலது கண் பிழைத்துவிட்டது. இடது கண் போய்விட்டது.

ஓடிப் போய் நானே திரும்பக் கூப்பிட்டேன். "முன்ன தேதியில செஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்பவும் இடது கண்ண ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னார் மாமா. நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

டாக்டர் சொன்னாரா? அக்கா அப்படிச் சொல்லச் சொன்னாளா? ஃபுசாயேவே சொன்னாளா? நான் ஏன் கேட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துவிட்டதோ? வீட்டுக்கு வந்து கையை முட்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுருங்கிய கை. குழந்தைக் கால் மாதிரி கொஞ்சம்கூட இல்லை.

மார்ச் 8, செவ்வாய்

டீச்சரிடம் இன்று பெரிய எழுத்தில் எழுதக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பெரிதாகப் பார்த்து எழுதலாம், அவளுக்கு அனுப்பலாம் என்று ஒரு நினைப்பு. அரைப் பக்கம் எழுதினேன். அனுப்புகிற தைரியம் இல்லை.

மார்ச் 17, வியாழன்

கூரைப்பனி தானாக வழுக்கி விழுகிறது இப்போது. நான் ஏற வேண்டியதில்லை.

மத்தியானம் தோமே கத்தினாள். "மாகோ அண்ணே! செண்டாய்! சீக்கிரம் வா, கடையில கூட்டம்!"

ஃபுசாயே என்று நினைத்து எடுத்தேன்.

"யாரு, மாகோவா?"

அக்கா. எனக்குக் குரல் எழும்பவில்லை.

"செத்துட்டியா?"

"இல்லக்கா."

"எங்க வார்டுல நாலு பேரு. எல்லாருக்கும் கண்ணுல கட்டு. பொழுது போகல. தலையணையத் திருப்பிப் போடறத பத்திச் சொன்னேன், பாதிக்கு மேல மறந்துட்டேன். அந்தப் பக்கத்தப் படி."

"இப்பவா? கடையிலயா?"

"பின்ன, நான் அங்க வரட்டுமா?"

ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். தோமே ஒரு பக்கம் டோஃபு வெட்டிக்கொண்டிருந்தாள், வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். நான் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, தட்டித் தடுமாறி. நடுவில் மலையில் இதைப் பற்றிக் கேட்ட வேறு ஒரு கதை நாக்கு நுனிவரை வந்தது. நல்ல கதை அது, அவள் கேட்டதில்லை. விழுங்கிவிட்டு அச்சில் இருந்ததை மட்டும் படித்தேன்.

முடித்ததும் அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவி, "அப்புறம்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"அவ்வளவுதான். அடுத்தது அடுத்த வியாழக்கிழமை" என்றாள் அக்கா அவளிடம். என்னிடம் கதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கவில்லை. எப்போதும் கேட்பாள்.

"அக்கா" என்றேன். "புத்தகத்த ஃபுசாயேகிட்ட அனுப்பிடட்டுமா? வலது கண்ணுதான் இருக்கே. கட்டு பிரிச்சதும் நீங்களே படிச்சுக்கலாமே."



"உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "ஆனா அடுத்த தடவை இவ்வளவு அவசரமாப் படிக்காத. இங்க ஒருத்திக்குக் காது மந்தம்."

வைத்துவிட்டாள்.

வரும்போது தோமே, "நல்ல சேதியாண்ணே?" என்று கேட்டாள். என்ன சொல்வது? தெரியல என்றேன். அதுதான் உண்மை.

அடுத்த பக்கம் ஒற்றைக்கால் குடை. அதில் எனக்குத் தெரியாத எழுத்துகள் நிறைய இருக்கின்றன, செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் கேட்க வேண்டும். வியாழக்கிழமை கூப்பிட்டாளா இல்லையா என்று அடுத்த வாரம் கட்டாயம் எழுதிவிடுகிறேன், கூப்பிடாவிட்டாலும்.